ஐந்து பேருக்கு மேல் கூடினால்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிர்ச்சாரியில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. கோர்ட்டு விட்டு வருகிற பிள்ளைகள் சாயங்காலம் அங்கேதான் உட்காருவார்கள். பிள்ளைகள் என்று நான் சொன்னாலும் எல்லாரும் கல்யாணமாகி உத்தியோகத்தில் இருப்பவர்கள். பென்ஷன் வாங்கிய பிறகு நானும் அங்கே போய், ஒரு காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு, அவர்கள் பேச்சைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இப்போதெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐரோப்பாவில் போய் முடிகிறது. எந்த தேசத்தில் பத்திரிகையை மூடினார்கள், எங்கே ஊர்வலத்தின் மேல் குதிரையை விட்டார்கள் என்று மேசையைத் தட்டிப் பேசுகிறார்கள்.

அன்றைக்கு செபஸ்தியான் பேசிக்கொண்டிருந்தான். கோலாலம்பூர் போலீஸ் கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நான் நின்ற இடத்தில் இப்போது நிற்கிறவன் அவன்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளன்.

“அங்கெல்லாம் வாயத் தொறந்தா ஜெயிலுலா. நம்ம ஊரு எவ்வளவோ தேவல,” என்றான்.

அவனோடு வேலை பார்க்கும் நடராஜா காப்பியைச் சாஸரில் ஊற்றியபடி, “நம்ம ஊருல ஜெயிலு எதுக்கு? கப்பலு இருக்கே,” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு செபஸ்தியான் என் பக்கம் திரும்பினான். “ஐயா மூணு சர்க்கார் உப்பத் தின்னவரு. தஞ்சாவூர் ஜில்லா, பினாங்கு, சிலாங்கூர். நீங்களே சொல்லுங்க. எது நல்லது?”

அன்றைக்கு நான் சொன்னது அரைகுறை. ஒருவர் குறுக்கே பேச, இன்னொருவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார். அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். படிப்பு முடிந்ததும் சப்-மாஜிஸ்திரேட் கச்சேரியில் நகல் எழுதுகிற வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து மாமா ஒருவர் பினாங்குக்கு அழைத்தார். அங்கே போலீஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனானேன். பிறகு சிலாங்கூருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். கோலாலம்பூரில் சில காலம், கிள்ளானில் பல காலம், மறுபடி கோலாலம்பூர் என்று என் உத்தியோகம் முடிந்தது.

இந்த மூன்று இடத்திலும் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம். கிரிமினல் சட்டப் புத்தகம் ஒன்றேதான். இந்தியாவில் எழுதியதை அப்படியே பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு இங்கேயும் கொண்டுவந்தார்கள். சட்டவிரோதமான கூட்டம் என்றால் என்ன என்று சொல்லும் பிரிவை நான் தஞ்சாவூர் ஜில்லாவில் கை வலிக்க நகல் எடுத்திருக்கிறேன். ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரே நோக்கத்தோடு கூடி, பலாத்காரத்தாலோ பலாத்காரம் செய்வோம் என்று காட்டியோ பிறரைப் பயமுறுத்தினால், வழியை மறித்தால், குற்றம். பினாங்கிலும் அதே வார்த்தை, கிள்ளானிலும் அதே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தைகளுக்குள்ளே ஜனங்கள் வாழ்ந்த வாழ்க்கை ஊருக்கு ஊர் வேறாக இருந்தது.

எங்கள் கச்சேரியில் ஒரு தடவை சாமி புறப்பாட்டுத் தகராறு வந்தது. பல்லக்கு எந்தத் தெருவில் திரும்புவது என்று இரண்டு தெருவுக்குச் சண்டை. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு எழுதி, மாட்டு வண்டியில் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். அடுத்த நாளே வக்கீல்கள் கறுப்புக் கோட்டோடு கச்சேரியை நிறைத்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டிடம் முகத்துக்கு நேரே, தங்கள் உத்தரவு செல்லாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஒரு பத்திரிகை அவர் பெயரைப் போட்டுத் திட்டியது. அவர் அதைப் படித்துவிட்டு, மடித்து வைத்து, அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார். அந்தச் சுதந்திரத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தகராறில் மூன்றாவதாக ஒரு தெருவும் இருந்தது. பல்லக்கு என்றைக்குமே திரும்பாத தெரு. அந்தத் தெருவுக்கு வக்கீல் இல்லை, பத்திரிகையும் இல்லை. கலகம் என்று வந்தால் முதலில் கைதானவர்கள் அவர்கள்தான்.

பினாங்கு வேறு மாதிரி. அங்கே சுதந்திரத்தை ரோட்டால் அளந்தார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கும் போலீஸ் அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். சுவரில் பெரிய நகர வரைபடம். சீனர் சவ ஊர்வலம், தைப்பூச ரதம், முகரம் கூண்டு, எல்லாவற்றுக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மேளம் அடிக்கலாம். பள்ளிவாசல் வந்தால் நிறுத்தவேண்டும். தாண்டினால் மறுபடி அடிக்கலாம். ரதம் கொண்டுவரும் செட்டியார்களுக்கும் அவருக்கும் பேரம் நடக்கும். “இன்னும் ஒரு தெரு கேளுங்க,” என்பார்கள் என்னிடம். அவர் சிரித்துக்கொண்டே பாதித் தெரு கொடுப்பார். கொடுத்த கோட்டுக்குள்ளே யாரும் யாரையும் தொடமுடியாது. தகராறு என்று வந்தாலும், பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தவனைப் பினாங்கிலிருந்து கப்பலேற்ற அதிகாரிக்கு வழியில்லை. விசாரித்து ஜெயிலில் போடலாம், அவ்வளவுதான்.

சிலாங்கூர் வந்தபோது எனக்குப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்லமாட்டேன். ஊர் சின்னது. பிரிக்பீல்ட்ஸில் அப்போது செங்கல் சூளைகளின் புகை இருக்கும். மழை பெய்தால் ரோடெல்லாம் சிவப்புக் குழம்பு. ஆனால் ரயில் சொன்ன நேரத்துக்கு வரும். ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கும். பெண்பிள்ளைகள் பத்துமலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு பயமில்லாமல் நடந்து வருவார்கள். சர்க்கார் அதிகம் பேசாது. சத்தம் போட்டுப் பேசுகிறவர்களையும் அதிகம் வைத்துக்கொள்ளாது. பினாங்கு பிரிட்டிஷ் மண்; சிலாங்கூர் பேருக்காவது சுல்தானின் ராஜ்யம். சுல்தானின் குடியாகப் பிறக்காதவன் ஒருவனால் ஊரின் அமைதி கெடும் என்று மேலே உள்ளவர்கள் நினைத்தால், கோர்ட்டுக்கு வராமலே அவனைத் திருப்பி அனுப்பிவிடலாம். அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். அது குண்டர்களுக்கும் ரகசியச் சங்கக்காரர்களுக்கும் ஆனது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கலகத்துக்குப் பிறகு பாராங் கத்தியால் வெட்டு வாங்கியவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மரண வாக்குமூலத்தை மொழிபெயர்த்திருக்கிறேன். அமைதி என்பது வெறும் வார்த்தை என்று சொல்கிறவர்களோடு அதனால்தான் எனக்கு ஒத்துப்போவதில்லை.

கிள்ளானில் எனக்கு வாய்த்த மாஜிஸ்திரேட் துரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. உயரமான, கொஞ்சம் கூனிய மனிதர். குளித்த ஈரம் காயாத தலையோடு சைக்கிளில் கோர்ட்டுக்கு வருவார். சாட்சி பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்; எழுதும்போதுதான் போட்டுக்கொள்வார். அதனால் அவர் கேட்கிறாரா எழுதுகிறாரா என்று கோர்ட்டு முழுவதற்கும் தெரியும். யார் மேலும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த முதல் நாள் ஒரு சாட்சி நீளமாகப் பேசினார். நான் முக்கியமானதை எடுத்து, “அவர் மாட்டைப் பார்க்கவில்லை என்று சொல்கிறார்,” என்றேன். துரை கண்ணாடியைப் போடவில்லை.

“யார் சொல்கிறார்?” என்றார்.

“சாட்சி.”

“சாட்சி ‘அவர்’ என்றா சொன்னார்?”

“இல்லை. ‘நான்’ என்றார்.”

“அப்படியானால் நீரும் ‘நான்’ என்று சொல்லும். பிறகு இன்னொன்று. முடித்த பிறகும் அவர் உதடு அசைந்ததே?”

“அது சும்மா முணுமுணுப்பு, ஐயா.”

“முணுமுணுப்பையும் கொடும். வேண்டுமா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அன்று முதல் அப்படியே. “நான் நாலு பிள்ளைக்குத் தாய்,” என்று என் மீசையோடு நான் சொல்லும்போது கிளார்க்குகள் குனிந்து சிரிப்பார்கள். சாட்சி பெருமூச்சு விட்டு “முருகா” என்றால், நானும் “முருகா” என்று சேர்த்துச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையில் அவர் மெதுவாகக் கேட்பார்: “இவ்வளவுதானா?” இவ்வளவுதான் என்று நான் தலையசைத்த பிறகே பேனா நகரும். காலப்போக்கில் எனக்கு அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. கூண்டில் நிற்பவர் யாராயிருந்தாலும், அவர் பேசி முடிக்கும்வரை நான் அவராகத்தான் இருந்தேன்.

அந்தத் துரையின் முன்னால்தான் காப்பார் ரோட்டுத் தோட்டத்துப் பெண்களின் கேஸ் வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

தோட்டத்து எல்லையில் ஒரு கள்ளுக் கடை. சம்பள நாளன்று ஆண்கள் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, லயத்து வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போவார்கள். ஒரு சம்பள நாள், ரப்பர் பால்மரம் சீவும் பெண்கள் சிலர் வேலை முடிந்ததும் கடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் போய்க் கைகோத்து நின்றுவிட்டார்கள். அடிக்கவில்லை, கல்லெறியவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆண்கள் வெட்கப்பட்டுத் திரும்பினார்கள். அன்றைக்குக் கடையில் வியாபாரமில்லை. கடைக்காரருடைய ஆள் ஒருவர் விலக்கப் போய்ச் சாக்கடையில் விழுந்தார். போலீஸ் வந்தது.

எட்டுப் பெண்கள். முன்னால் நின்றவள் மாரியாயி. முப்பது வயது சொல்லலாம். கணவன் இறந்து, ஒரு மகளோடு இருப்பவள். அவளுக்குப் பக்கத்தில் பொன்னம்மா, சிறு உருவம், வாய் மட்டும் ஓயாது. அவளுடைய புருஷன் தோட்டத்திலேயே பேர்போன குடிகாரன்.

இன்ஸ்பெக்டர் மேசைமேல் எட்டுக் கத்திகளை வரிசையாக வைத்தார். கூட்டம், வழிமறிப்பு, கையில் ஆயுதம். பிரிவு பொருந்துகிறது என்றார். துரை ஒரு கத்தியை எடுத்து, வளைந்த நுனியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எதற்கு?” என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“மரம் சீவத் தொரை,” என்றாள் மாரியாயி.

“கள்ளுக் கடையில் மரம் இல்லையே. அங்கே ஏன் கொண்டுபோனாய்?”

“வேல முடிஞ்சி நேரா வந்தோம் தொரை. கத்திய எங்க வச்சிட்டு வர? தொலஞ்சா கணக்கெழுதுற கிராணி சும்மா விடுவாரா?”

சாக்கடையில் விழுந்தவரைக் கூப்பிட்டார்கள். யார் தள்ளியது என்று கேட்டதற்கு, நெடுநேரம் யோசித்துவிட்டு, “அதுங்க பேசின பேச்சுல பின்னாலயே போனேங்க. பின்னால சாக்கட இருந்துச்சி,” என்றார். நான் அதையும் “நான்” என்றே சொன்னேன்.

“என்ன பேச்சு?” என்றார் துரை.

“ஒன் வீட்டு அடுப்புல பூன படுத்திருக்குன்னு இந்தப் பொன்னம்மா சொல்லிச்சிங்க.”

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். துரை கண்ணாடியைப் போடவில்லை. “யாருடைய பூனை?” என்றார். விளக்கம் சொல்ல அனுமதி கேட்டேன், கொடுத்தார். அடுப்பு எரியாத வீட்டில்தான் பூனைக்கு அங்கே படுக்க இடம் கிடைக்கும், அதாவது வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார்.

தீர்ப்பு சின்னதுதான். தன் வீட்டு அடுப்பைப் பற்றிக் கேட்டு ஒருவன் திரும்பிப் போனால், அவனைப் பலாத்காரம் திருப்பவில்லை. கத்திகள் வேலைக் கருவிகள். எட்டுப் பேரும் விடுதலை. ஆனால் இனிமேல் பாதையில் நிற்கக்கூடாது, ஓரமாக நிற்கட்டும் என்று எச்சரித்தார். பெண்கள் அவரவர் கத்தியை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பொன்னம்மா இரண்டு தடவை மாற்றி எடுத்துத் திட்டு வாங்கினாள்.

வெளியே வராந்தாவில் இன்ஸ்பெக்டர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. தமிழும் கொஞ்சம் தெரியும்.

“அவர் சொன்னது சட்டம். எனக்கு மறுப்பில்லை,” என்றார். “ஆனால் நாளைக்கு இது எல்லாத் தோட்டத்துக்கும் பரவும். இன்றைக்குக் கள்ளு. நாளைக்குச் சம்பளம். ஒருநாள் யாராவது அந்தக் கத்தியை வீசுவார்கள். அப்போது நீரும் நானும்தான் பிணத்தை எண்ணவேண்டும்.”

எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகத்துக்கு வந்தது.

சில வாரம் கழித்து என்னைக் கோலாலம்பூருக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று மட்டும் இருந்தது. போனால், சர்க்கார் கட்டிடத்தின் உள்ளே ஒரு சிறிய அறை. கதவு சாத்தியிருந்தது. கூண்டு இல்லை, ஜனங்கள் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு பெரிய அதிகாரி, ஒரு கிளார்க், சுவரோரம் பெஞ்சில் மாரியாயியும் பொன்னம்மாவும். என்னைப் பார்த்ததும் பொன்னம்மா, “நம்ம கோர்ட்டுக் கிராணி ஐயா,” என்று மாரியாயியின் தோளைத் தட்டினாள். தெரிந்த முகம் என்று அவளுக்கு நிம்மதி.

கோர்ட்டில் விடுதலையானவர்களை மறுபடி விசாரிக்கவில்லை. இது வேறு. இவர்கள் இந்த ஊரில் இருப்பது ஊருக்கு நல்லதா என்பதுதான் கேள்வி. அதிகாரி அவசரக்காரர். “சுருக்கமாகச் சொன்னால் போதும்,” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மாரியாயியிடம் எங்கே பிறந்தாய் என்று கேட்டார்.

“இங்கதான். காப்பார்ல,” என்றாள். “அப்ப இந்த ரப்பர் எல்லாம் கெடயாது. காப்பித் தோட்டம். எங்கம்மா வயித்துல என்னச் சொமந்துகிட்டுக் கப்பல்ல வந்துச்சி.”

“பத்திரம் இருக்கிறதா?”

“இல்லீங்க.”

“பார்த்தவர்கள் யாராவது?”

“எங்கம்மா செத்துப் போச்சி. அப்பா அதுக்கு முன்னாலயே.” தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி, கிளார்க்கைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சைகை காட்டினார். அப்போது மாரியாயி தரையைப் பார்த்தபடி தனக்குத்தானே ஏதோ சொன்னாள். காதில் விழுந்தும் விழாத குரல்.

வழக்கம் விடவில்லை. “நான் பிறந்தபோது என்னை எடுத்தது ஒரு மலாய்க்கார மருத்துவச்சி. அவள் உயிரோடு இருக்கிறாளோ என்னமோ,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி நிமிர்ந்தார். “என்ன சொன்னீர்?”

“சாட்சி சொன்னதுதான், ஐயா.”

அவருக்கு எரிச்சல்தான். ஆனால் அவரும் ஒழுங்கு தெரிந்தவர். சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்கமுடியாது. விசாரணையை ஒத்திவைத்து, அந்தக் கிழவியைத் தேடச் சொன்னார்.

கிழவி கிடைத்தாள். காப்பாருக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இன்னும் பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பேரன் துணையோடு வந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மலாய் மொழிபெயர்ப்பாளர் கேட்டார். எனக்கும் மலாய் தெரியுமாதலால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை என் காதில் விழுந்தது. பெரிய மழை, ஆறு ஏறி வந்த வருஷம். காப்பித் தோட்டத்திலிருந்து சாம்பான் படகில் தன்னைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். தாயின் பெயர் அங்கம்மா.

“இத்தனை காலம் கழித்து எப்படி ஞாபகம்?” என்றார் அதிகாரி.

கிழவி சட்டையின் இடது கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே அரைவட்டமாக ஒரு தழும்பு.

“வலி தாங்காமல் கடித்துவிட்டாள். வேறு யாரும் என்னைக் கடித்ததில்லை,” என்றாள். “நச்சுக்கொடியை நான்தான் தென்னங்கன்று வைத்துப் புதைத்தேன். மரம் நிற்கிறது. துரை வேண்டுமானால் வந்து பார்க்கட்டும்.”

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். “அப்படியானால் இவள் சுல்தானின் குடி. இவளை அனுப்ப எனக்கு அதிகாரமில்லை,” என்று சொல்லிக் காகிதத்தில் கோடு போட்டார். மாரியாயிக்கு நான் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே போய்க் கிழவியின் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறந்த வீட்டு உறவென்று தாய்தகப்பனைத் தவிர யாரையும் பார்த்திராத பெண்.

பிறகு பொன்னம்மா.

“எங்கே பிறந்தாய்?”

“நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துலங்க,” என்றாள், பெருமையாக. ஊர்ப் பெயரையும், ஊர்க் கோயில் பெயரையும், யாரும் கேட்காமலே தாய்மாமன் பெயரையும் சொன்னாள். எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம். அந்தப் பக்கத்துப் பேச்சு அவள் வாயில் அப்படியே இருந்தது.

“இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்கிறாயா?”

அதிகாரி அவளுக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கவேண்டும். “சரிங்க தொரை,” என்றாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன், தலையைத் திருப்பி மாரியாயியைப் பார்த்து, “கடய மூடுற வரைக்கும் நிக்காம எங்க போவேன்,” என்றாள், மெதுவாக.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாரியாயியின் முணுமுணுப்பைக் கொடுத்த வாய் பொன்னம்மாவின் முணுமுணுப்பை விழுங்கமுடியுமா? “சரி, ஐயா,” என்றேன். பிறகு, “கடையை மூடும் வரை நிற்காமல் நான் எங்கே போவேன்,” என்றேன். அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார்.

எட்டுப் பேரில் முன்னால் நின்றவள் தங்கினாள். பக்கத்தில் நின்றவள் போனாள். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். ஒருத்தி ஆற்று வெள்ளத்தில் இங்கே பிறந்தாள், மற்றவள் அங்கே. பினாங்கில் நின்றிருந்தால், பிரிட்டிஷ் மண்ணில் பிறந்த பொன்னம்மாவைக் கப்பலேற்றியிருக்கமுடியாது. தஞ்சாவூர் ஜில்லாவில் நின்றிருந்தால் அவளுக்கு வக்கீல் கிடைத்திருக்க மாட்டார். சில வாரம் ஜெயில், பிறகு வீடு. இதை நான் கிள்ளானில் மாஜிஸ்திரேட் துரையிடம் சொன்னேன். பொதுவாகக் கோர்ட்டு விஷயத்தைக் கோர்ட்டுக்கு வெளியே பேசாதவர். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

“என் வேலை எது குற்றம் என்று பார்ப்பது,” என்றார். “எது பயம் என்று பார்க்கிற வேலை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.” பிறகு, “அவள் சொன்னதை முழுக்கக் கொடுத்தீரா?” என்று கேட்டார்.

“கொடுத்தேன், ஐயா.”

தலையை அசைத்துவிட்டு ஏறிப் போனார். அந்த முதுகை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.

கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து காலையில் புறப்பட்டது. உத்தரவைத் தமிழில் வாசித்துக் காட்ட நான் போகவேண்டியிருந்தது. மாரியாயியும் மற்றப் பெண்களும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கூட்டமாக நிற்காமல், ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் பொன்னம்மா, “இவ்வளவுதானா ஐயா?” என்றாள். கிள்ளான் கோர்ட்டில் துரை கேட்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஏணியில் ஏறும் நேரத்தில் அவளுடைய புருஷன் ஒரு துணி மூட்டையோடு ஓடிவந்தான். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. “நானும் போறேன்,” என்றான். அவனை யாரும் அனுப்பவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. டிக்கெட் எப்படி வாங்கினான் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் மேல்தட்டில் நின்று கையாட்டினார்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான். நான் வேலை பார்த்த மூன்று சர்க்காரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று விதமாக அச்சப்பட்டன. ஒன்று பேச விட்டு, பேசியவனை அடைத்து, பிறகு விட்டது. ஒன்று ரோட்டை அளந்து கொடுத்தது. ஒன்று எனக்கு நிம்மதியான வாழ்க்கையும், பிள்ளைகளுக்குப் படிப்பும், இந்தப் பென்ஷனும் கொடுத்து, பொன்னம்மாவைக் கப்பலேற்றியது. எது நல்லது என்று கூண்டில் நின்றவர்களைத்தான் கேட்கவேண்டும். எனக்கு ஒருமுறை கேட்கும் சந்தர்ப்பம் கிடைத்தது.

சில வருஷம் கழித்து நீண்ட லீவில் ஊருக்குப் போயிருந்தேன். நாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு சாயங்காலம் கூட்டம் நடந்தது. ஒருவர் பீப்பாயின் மேல் ஏறி நின்று சர்க்காரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் மணலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். பேச்சாளர் அவரைப் பார்த்து, “எழுதிட்டீங்களா? மேல சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். சிலாங்கூர்க் கண்ணுக்கு அது நாடகம் பார்ப்பதுபோல இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னை யாரோ முழங்கையால் இடித்தார்கள்.

“கிராணி ஐயாதானே?”

பொன்னம்மா. தலையில் கருவாட்டுக் கூடை. முன்னைவிட மெலிந்திருந்தாள், முடி நரைத்திருந்தது. புருஷன் உப்பளத்தில் வேலை பார்ப்பதாகவும், இந்த ஊர்க் கள்ளு அவனுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். பிடிக்கவில்லை என்றுதான் சொன்னாள், குடிக்கவில்லை என்று சொல்லவில்லை. இங்கேயும் கடை முன்னால் நின்று ஒருமுறை ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தாளாம்.

“எப்படியம்மா இருக்கு இங்க?” என்றேன்.

“இங்க என்ன வேணா பேசலாங்க. உள்ள தள்ளுவாங்க. அப்புறம் வெளிய விட்ருவாங்க,” என்றாள். “அங்க வெளிய தள்ளிட்டாங்க. உள்ள விடத்தான் ஆளில்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஆனா அங்க மாசம் பொறந்தா அரிசி வந்துச்சி ஐயா. காய்ச்சல்னா மருந்து குடுத்தாங்க. இங்க அத யாரக் கேக்க? பேசலாம், அவ்வளவுதான்.”

காப்பார் ரோட்டைப் பற்றிக் கேட்டாள். எந்த மரம் நிற்கிறது, வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டார்களா, மாரியாயியின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். மாரியாயி சம்பள நாளில் இன்னும் நிற்கிறாள், பாதையில் அல்ல, துரை சொன்னபடி ஓரமாக என்றேன்.

“கடய மூடிட்டாங்களா?”

“மூடல. எடம் மாத்திட்டாங்க. தோட்டத்துப் பக்கத்துல வேண்டாம்னு, ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் வச்சிருக்காங்க.”

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள்.

“ஆத்துக்கு அந்தாண்டன்னா, குடிச்சிட்டுப் பாலம் சுத்தி நடந்துல்ல வரணும்? வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி தெளிஞ்சிரும்,” என்றாள். “அடி கொஞ்சம் கொறயும்.”

அது போதும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு, பேச்சாளர் என்ன சொல்கிறார் என்று கேட்கக் கூட்டத்துக்குள்ளே புகுந்து போனாள்.